துக்கத்துக்கு இரண்டு கிரெடிட்

க்வில்ஹேவன் கல்லூரிக்குக் கட்டடம் கிடையாது. வாசல் கிடையாது, வாசலில் பீடி குடிக்கும் காவலாளி கிடையாது, உட்கார்ந்து அரட்டை அடிக்க ஒரு மரத்தடி கிடையாது. முத்திரை மட்டும் உண்டு. அதில் ஓர் ஆந்தையும், திறந்த புத்தகமும், லத்தீனில் ஒரு வாசகமும் இருக்கின்றன. அந்த வாசகத்துக்கு என்ன அர்த்தம் என்று ரஹ்மத் ஒருமுறை மின்னஞ்சலில் கேட்டாள். உங்கள் கேள்வி எங்களுக்கு மிக முக்கியம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

இந்தக் கல்லூரி தரும் பட்டம் ஒன்றின் பெயர் 'இளங்குழந்தைக் கல்வியும் யூத சமயவியலும்'. இரண்டு பட்டம் இல்லை, ஒரே பட்டம். பாலர் வகுப்பு ஆசிரியைகளுக்குப் பயிற்சி தந்த ஒரு கல்லூரியும், யூத சமய நூல்களைக் கற்பித்த ஒரு கல்லூரியும் ஒரே சமயத்தில் நொடித்துப் போயின. இரண்டையும் ஒரே ஆள் வாங்கினார். தனித்தனிப் பட்டமாக வைத்துக்கொண்டால் அங்கீகாரக் கமிட்டி இரண்டு தடவை வரும், இரண்டு தடவை விருந்து வைக்க வேண்டும். ஒன்றாக்கிவிட்டால் ஒரே விருந்தோடு போயிற்று. கல்லூரி இதை இப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. 'குழந்தைப் பருவமும் சமயமும் தொடக்கங்களைப் பற்றியவை' என்று இணையதளத்தில் போட்டிருக்கிறது.

காயல்பட்டினத்து ரஹ்மத் இதில் போய் எப்படி மாட்டினாள் என்பதைச் சொல்கிறேன்.

அவள் இருப்பது அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோவில், ஒரே அச்சில் வார்த்த நூறு வீடுகள் உள்ள ஓர் அப்பார்ட்மென்ட் வளாகத்தில். கணவன் தஸ்தகீர் ஒரு மருந்துக் கம்பெனியின் கணினிகளைக் கட்டி மேய்க்கிறான். மகள் ஃபைஹா பத்தாம் வகுப்பு. ரஹ்மத் பக்கத்துத் தெருவில் 'வீ மேரிகோல்டு' என்ற டேகேரில் இரண்டு வயதுக் குழந்தைகளின் அறையில் வேலை பார்க்கிறாள். அந்த அறைக்குக் கம்பளிப்பூச்சி அறை என்று பெயர். யார் மத்தியானம் தூங்குவார்கள், யார் தூங்குவதுபோல் பாவனை பண்ணுவார்கள், எந்தப் பிள்ளைக்கு முதுகில் தட்ட வேண்டும், எந்தப் பிள்ளையைத் தொட்டாலே விழித்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வீட்டுப் பத்திரம், கார், விசா எல்லாம் தஸ்தகீர் பெயரில் இருந்தன. அமெரிக்காவில் அவளுடையது என்று இருந்தது அந்த அறை ஒன்றுதான். அவள் ஒருநாள் வராவிட்டால் அழுவதற்கு அங்கே ஆள் இருந்தது.

ஒரு நாள் டேகேர் உரிமையாளர் ஸ்ரீநிவாசன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது பிஸ்கட் எடுத்து நீட்டுவார். அன்றைக்கு டப்பாவையே நீட்டினார்.

"ஹெட் ஆபீஸ்ல க்வாலிட்டி அப்கிரேடுன்னு ஒண்ணு கொண்டு வந்திருக்காங்கம்மா. அடுத்த வருஷம் ஜூனுக்கு அப்புறம் பேச்சலர்ஸ் டிகிரி இல்லாதவங்க ரூம்ல தனியா இருக்கக் கூடாது. நீங்க இல்லாம அந்த ரூம் ஓடாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா பேப்பர்ல நீங்க யாரு?"

பேப்பரில் தான் யார் என்று ரஹ்மத்துக்கும் தெரியவில்லை. ஊரில் பெண்கள் மதரஸாவில் ஐந்து வருடம் படித்து ஆலிமா பட்டம் வாங்கியிருந்தாள். பட்டமளிப்பு அன்று அவள் உம்மா தெரு முழுக்கத் தம்மடைப் பலகாரம் கொடுத்தார். அமெரிக்காவில் அந்தப் பட்டத்தை என்ன செய்வது என்று யாருக்கும் விளங்கவில்லை. தஸ்தகீர் எக்செல் ஷீட் போட்டுக் கல்லூரி கல்லூரியாக விண்ணப்பித்தான். எல்லாக் கல்லூரிகளும் ஆலிமாவுக்குப் பூஜ்ஜியம் போட்டன. க்வில்ஹேவன் மட்டும் நாற்பத்தெட்டு கிரெடிட் போட்டது, அதுவும் யூத சமயவியலில்.

ஏதோ தவறு நடந்துவிட்டது என்று ரஹ்மத் போன் செய்தாள். எடுத்த பெண் பொறுமையாக விளக்கினாள். மதிப்பீட்டு மென்பொருள் இரண்டே கேள்வி கேட்கும். படித்தது சமய நூலா? அது வலமிருந்து இடமாக எழுதும் மொழியிலா? இரண்டுக்கும் ஆம் என்றால் யூத சமயவியல் என்ற பெட்டியில் போடும். "நான் படிச்சது அது இல்லையே" என்றாள் ரஹ்மத். வேறு பெட்டி இல்லை, வேறு பெட்டிதான் வேண்டும் என்றால் பூஜ்ஜியம் போடலாம், போடட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எந்தப் பெட்டியா இருந்தா நமக்கென்ன, கிரெடிட் கிரெடிட்தான்" என்றான் தஸ்தகீர். "பள்ளிவாசல்ல யாராச்சும் கேட்டா எஜுகேஷன் படிக்கிறேன்னு மட்டும் சொல்லு ரஹ்மத்து."

ஃபைஹா போனிலிருந்து தலை நிமிர்த்தாமல், "ம்மா, தட்ஸ் ஐகானிக்" என்றாள்.

மீதிப் பாடங்களில் முதலாவது 'யூத வாழ்க்கை: ஓர் அறிமுகம்'. யாரோ ஒரு பேராசிரியர் எப்போதோ பதிவு செய்துவைத்த வீடியோக்கள், நாற்பது ஸ்லைடுகள். ரஹ்மத் பயந்துகொண்டே திறந்தாள். திறந்தால் இப்ராஹீம் நபி, மூஸா நபி, யூசுப் நபி என்று பாதிப் பேர் தெரிந்தவர்களாக இருந்தார்கள். பன்றி ஆகாது, வட்டி ஆகாது, பிள்ளைகளுக்கு முதலில் வேதம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. அந்நிய வீட்டுக்குப் போய்த் தன் வீட்டுப் பாத்திரங்களைப் பார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு.

பரீட்சைக்கு அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே நாற்பது ஸ்லைடுகளையும் மனப்பாடம் செய்தாள், எழுத்துப் பிழைகள் உட்பட. நூற்றுக்கு நூறு வந்தது. க்வில்ஹேவன் வரலாற்றிலேயே இந்தப் பாடத்தில் யாரும் நூறு வாங்கியதில்லையாம். காரணம், ஸ்லைடுகளில் இருப்பதை அப்படியே எழுதலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

அதே பரீட்சையில் தோற்றவள் ஒருத்தி இருந்தாள். பெயர் மல்கா. லேக்வுட்டில் யூதர்கள் நெருங்கி வாழும் பகுதியைச் சேர்ந்தவள். ஒன்பது பிள்ளை பெற்றவள், பல வருடங்களாக அங்கே பாலர் வகுப்பு எடுப்பவள், பெண்கள் செமினரியில் வேதம் படித்தவள். அவளுடைய செமினரிச் சான்றிதழுக்குக் கல்லூரி ஒரு கிரெடிட்கூடத் தரவில்லை. இரண்டு மதிப்பெண்ணில் அறிமுகப் பாடத்திலும் தோற்றாள்.

டீன் டாக்டர் ஹான்ஸ்கம் ரஹ்மத்தை வீடியோவில் அழைத்தார். அவருக்குப் பின்னால் புத்தக அலமாரி ஒன்று தெரிந்தது. அவர் அசைந்தபோது அலமாரி அவர் காதோரம் கொஞ்சம் கரைந்தது.

"மல்கா தன் சமயத்துக்கு மிக அருகில் நிற்கிறார்" என்றார் டீன். "அதுதான் அவருடைய கற்றல் தடை. பிறந்ததிலிருந்து அதையே வாழ்ந்துகொண்டிருப்பவருக்கு அதைப் பற்றிய புறநிலைப் பார்வை எப்படி வரும்? சொந்த அனுபவத்துக்கு நாங்கள் கிரெடிட் கொடுத்தால் நாளைக்குத் தாய்மார்கள் எல்லாரும் குழந்தை வளர்ப்பில் பட்டம் கேட்பார்கள். உங்களிடம் அந்தத் தூரம் இருக்கிறது, ரஹ்மத். நீங்கள் அவருடைய சகமாணவ வழிகாட்டியாக இருக்க வேண்டும்."

ஆகவே, முக்காடு போட்ட காயல்பட்டினத்துக்காரி, தலைமுடியை விக்கால் மறைத்த லேக்வுட்காரிக்கு யூத மதம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். பிளெய்ன்ஸ்பரோ நூலகத்தில் வாரம் ஒருநாள் சந்தித்தார்கள். இரண்டு பேரும் அவரவர் பிளாஸ்கில் அவரவர் டீ கொண்டுவந்தார்கள். இருவருக்கும் பொதுவான மொழி இங்கிலீஷ்தான். அதில் இருவரும் தத்தம் ஊர் ராகத்தில் பேசினார்கள்.

மல்கா தோற்ற கேள்வியை ரஹ்மத் முதலில் எடுத்தாள். 'துக்க வீட்டுக்குச் செல்பவர் கூற வேண்டிய ஆறுதல் வாக்கியங்கள் மூன்றை எழுதுக. (2 மதிப்பெண்)' என்பது கேள்வி. மல்கா எழுதியிருந்த பதில்: 'போய் உட்கார வேண்டும். அவர்கள் பேசும்வரை பேசக் கூடாது.' அதற்குப் பக்கத்தில் சிவப்பில் பூஜ்ஜியம். 'விடை முழுமையற்றது. ஸ்லைடு 31-ஐப் பார்க்கவும்.'

"அப்படித்தானே செய்யணும்" என்றாள் மல்கா. "என் அப்பா இறந்தப்போ ஏழு நாளும் வீடு நிறைய ஆளு. நான் வாயத் திறக்கிற வரைக்கும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

"ஸ்லைடுல அப்படி இல்லையே."

"ஸ்லைடுல என்ன இருக்கு?"

ரஹ்மத் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். ஒன்று, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். இரண்டு, அவர் இப்போது நல்ல இடத்தில் இருக்கிறார். மூன்று, ஏதேனும் உதவி தேவைப்பட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

மல்கா பேனாவை எடுத்தாள். இதைப் போய் யாரிடம் சொல்வது என்று கேட்டாள். யாரிடமும் சொல்ல வேண்டாம், பேப்பரில் எழுதினால் போதும், ரெண்டு மார்க் என்றாள் ரஹ்மத். மல்கா எழுதிக்கொண்டாள். மறுதேர்வில் பாஸானாள்.

அடுத்தது செய்முறைப் பயிற்சி. ரஹ்மத் ஏதாவது ஒரு பாலர் வகுப்பில் மாணவ ஆசிரியையாக நின்று பழக வேண்டும். அவள் தன் கம்பளிப்பூச்சி அறையையே சொன்னாள், கல்லூரியும் ஒத்துக்கொண்டது. ஆனால் மாணவ ஆசிரியைக்கு மேலே பட்டதாரி ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. ஸ்ரீநிவாசன் அவசரத்துக்கு ஒரு பட்டதாரிப் பையனைப் பிடித்தார். அவன் படித்தது கடல் உயிரியல். அவன் அறை மூலையில் உட்கார்ந்து ரஹ்மத்தை மேற்பார்வை செய்தான். குழந்தைகள் அவனை நாற்காலியோடு சேர்ந்த ஒரு பொருளாக எடுத்துக்கொண்டன. டயப்பர் வாடை தாங்காமல் அவன் வெளியே போகும்போதெல்லாம் மேற்பார்வை அறுந்துபோனது. அறுந்த நேரத்தைக் கல்லூரி கழித்துக்கொண்டது.

பொம்மை அலமாரியில் ஒரு டேப்லெட் வைத்து, கல்லூரி மதிப்பீட்டாளர் ஒருவர் எங்கிருந்தோ பார்த்தார். முதல் நாளே ஷ்ரேயஸ் என்ற பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கையைக் கடிக்கப் போனான். ஷ்ரேயஸுக்குக் கடைவாய்ப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. ரஹ்மத் ஒரே எட்டில் போய் இடையில் கையைக் கொடுத்து, அவன் வாயில் ரப்பர் வளையத்தைத் திணித்தாள். எல்லாம் ஒரு நொடியில் முடிந்தது. மதிப்பீட்டாளர் பத்துக்கு நான்கு போட்டார். 'மாணவி செயல்படுமுன் சிந்தித்ததற்கான சான்று இல்லை. சிந்தனை, பார்ப்பவருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும்' என்று குறிப்பு எழுதினார்.

அடுத்த தடவை ஷ்ரேயஸ் கடிக்கப் போனபோது ரஹ்மத் நின்று, கூரையைப் பார்த்து, மோவாயில் விரலை வைத்துக்கொண்டாள். அதற்குள் அவன் கடித்துவிட்டான். பத்துக்கு ஒன்பது வந்தது. கடிபட்ட பிள்ளையின் அம்மா மறுநாள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனாள். ஷ்ரேயஸைக் கடிக்கவிட்ட அன்று ரஹ்மத் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவள் மதிப்பீட்டாளருக்காகக் கூரையைப் பார்ப்பாள், கை மட்டும் கீழே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அப்படியே பழகிவிட்டது.

மார்ச் மாதம் ஊரில் உம்மா படுத்துவிட்டார். வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. தம்பி உஸைர் வீடியோவில் காட்டினான். உம்மாவுக்கு வாய் கோணியிருந்தது, பேச்சு குழறியது, ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. ரஹ்மத் அன்றைக்கே டிக்கெட் பார்த்தாள். பதினைந்து நாள் போய்விட்டு வரலாம் என்று நினைத்தாள். கல்லூரியிடம் அனுமதி கேட்டாள். டீன் மீண்டும் வீடியோவில் வந்தார். இந்தத் தடவை அலமாரிக்குப் பதில் கடற்கரை தெரிந்தது.

"உங்கள் தாயாரைப் பற்றிக் கேட்டு மனம் கனத்துவிட்டது" என்றார். "குடும்பம்தான் முதலில் என்பதில் இந்தக் கல்லூரிக்கு உறுதியான நம்பிக்கை இருக்கிறது. அது எங்கள் கொள்கை ஏட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் குழந்தைகளுடனான தொடர்பு ஒரு வாரத்துக்கு மேல் அறுந்தால், ஆசிரியையின் வளர்ச்சி அறுந்துவிடுகிறது என்பது ஆய்வு. நீங்கள் போகலாம், தாராளமாகப் போகலாம். செய்முறைப் பயிற்சி மட்டும் செப்டம்பரில் முதலிலிருந்து தொடங்கும். முடிவு முழுக்க உங்களுடையது. மாணவர்களின் சுதந்திரத்தில் நாங்கள் ஒருபோதும் தலையிடுவதில்லை."

செப்டம்பரில் தொடங்கினால் ஜூனில் பட்டம் இல்லை. ஜூனில் பட்டம் இல்லாவிட்டால் கம்பளிப்பூச்சி அறை இல்லை. ரஹ்மத் இதை உம்மாவிடம் சொல்லவில்லை, உஸைர் சொல்லிவிட்டான். உம்மாவுக்குப் பரீட்சை என்றால் ஒரு மரியாதை. தான் படிக்காதவர், மகளை அந்தக் காலத்திலேயே மதரஸாவுக்கு அனுப்பியவர்.

"பரீட்சைய... முடிச்சிட்டே வா புள்ள" என்றார் உம்மா, கோணிய வாயோடு. "நான் எங்க போவப் போறேன்."

ரஹ்மத் டிக்கெட் எடுக்கவில்லை. தினம் ஒருமுறை உம்மாவை வீடியோவில் பார்த்தாள், மற்ற நேரமெல்லாம் கூரையைப் பார்த்துச் சிந்தித்தாள்.

மே மாதத்தில் ஒரு விடியற்காலை உஸைர் போன் பண்ணினான். அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்றான். கிளம்பினாலும் முகம் பார்க்க முடியாது. வீடியோவில் வீடு நிறையப் பெண்கள் தெரிந்தார்கள், பிறகு இணைப்பு தடைப்பட்டு மின்விசிறியில் நின்றுவிட்டது. ரஹ்மத் அந்த மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குளித்துவிட்டு டேகேருக்குப் போனாள். பயிற்சியின் கடைசி வாரம் அது. டயப்பர் மாற்றினாள், ஆப்பிள் நறுக்கினாள், தூங்காத பிள்ளையை முதுகில் தட்டினாள். அழுகை வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்து அவள் காரில் ஒரு டிஷ்யூ டப்பா வாங்கி வைத்திருந்தாள். அது பிரிக்கப்படாமல் கிடந்தது.

பள்ளிவாசல் பெண்கள் மூன்று நாள் சோறு ஆக்கிக் கொண்டுவந்தார்கள். நல்லவர்கள். அல்லாஹ் நாடியது என்றார்கள், பொறுமையாக இரு என்றார்கள், கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தார்களே என்றார்கள். ரஹ்மத் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காது கேட்டது, உள்ளே ஒன்றும் போகவில்லை. சோறு சோறாக இருந்தது, படுக்கை படுக்கையாக இருந்தது. தஸ்தகீர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

இந்தச் சமயத்தில் கல்லூரிக் கணக்கில் அவளுக்கு இரண்டு கிரெடிட் குறைந்தது. கடல் உயிரியல்காரன் வெளியே நின்ற நேரத்தைக் கழித்ததால் வந்த வினை. இனித் தான் ஒன்றும் செய்ய முடியாது என்று அவள் எழுதினாள். உம்மா இறந்ததையும் ஒரு வரி எழுதினாள். டீன் உடனே வந்தார்.

"நீங்கள் இழந்தது மிகப் பெரியது" என்றார். "க்வில்ஹேவன் எதையும் வீணாக விடுவதில்லை. துயரம் ஒரு கற்றல் அனுபவம். எங்களிடம் 'இழப்பின் வழி கற்றல்' என்று ஒரு பாடம் இருக்கிறது, சரியாக இரண்டு கிரெடிட். பொதுவாக மாணவர்கள் இதற்காக வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். உங்களுக்கு இப்போதே தகுதி வந்திருக்கிறது. நெருங்கிய உறவு என்பதால் முழு மதிப்பு. மாமா, சித்தி என்றால் பாதிதான்."

"என்ன எழுதணும்?" என்று கேட்டாள் ரஹ்மத்.

"ஒரே கேள்விதான். யூத சமயவியல் துறையோடு சேர்ந்து வடிவமைத்தோம். உங்கள் துக்கத்தில் பங்குகொள்ள வந்தவர் கூறிய ஆறுதல் வாக்கியங்கள் மூன்றை எழுதி, அவை உங்களை எவ்வாறு மாற்றின என்று விளக்க வேண்டும். நீங்கள்தான் அந்தப் பாடத்தில் நூறு வாங்கியவர் ஆயிற்றே" என்று டீன் சிரித்தார். சிரித்தபோது கடற்கரை அவர் தோளில் ஏறியது.

ரஹ்மத்துக்கு அது பத்து நிமிட வேலை. பள்ளிவாசல் பெண்கள் சொன்னதே மூன்றுக்கு மேல் இருந்தது. அது போதாவிட்டால் ஸ்லைடு 31 மனசில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

அப்போது மல்கா வந்தாள். நூலகத்துக்கு வரவில்லையே என்று போன் பண்ணியிருக்கிறாள், ஃபைஹா எடுத்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். லேக்வுட்டிலிருந்து தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கதவைத் திறந்த ஃபைஹாவிடம் தலையசைத்தாள், உள்ளே வந்தாள். சோபா இருந்தது. சோபாவில் உட்காராமல் ரஹ்மத்துக்குப் பக்கத்தில் தரையில், கார்ப்பெட்டில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நடுவில் வைத்தாள். ஓடு உரிக்காத அவித்த முட்டைகள், அவர்கள் பக்கத்துத் துக்க வீட்டு உணவு.

ஒன்றும் பேசவில்லை. ரஹ்மத் அவளைப் பார்த்தாள். அவள் ரஹ்மத்தைப் பார்க்கவும் இல்லை, பார்க்காமலும் இல்லை. வெளியே வளாகத்தின் புல்வெட்டும் இயந்திரம் ஒரு சுற்று வந்து போனது. தஸ்தகீர் அறை வாசல் வரை வந்து, எதையோ கேட்க வாயெடுத்து, திரும்பிப் போனான். மறுபடியும் இயந்திரம் வந்தது. மல்கா அசையவில்லை. இவள் இப்படியே ராத்திரி வரை இருப்பாள் என்று ரஹ்மத்துக்குத் தோன்றியது. இவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

"எங்க உம்மா மௌத்தாப் போயிட்டாங்க" என்றாள் ரஹ்மத். "நான் போவல. பரீட்சைய முடிச்சிட்டு வான்னாங்க, நான் போவல."

தமிழில்தான் சொன்னாள். அந்தச் செய்தியை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. மல்கா புரிந்ததுபோல் தலையாட்டினாள். அப்புறம் ரஹ்மத் அழுதாள். நாள்கணக்கில் எங்கே இருந்ததோ, அவ்வளவும் வந்தது. மல்கா ஒரு முட்டையை எடுத்து நிதானமாக ஓட்டை உரித்து அவள் கையில் வைத்தாள். ரஹ்மத் அழுதுகொண்டே அதைத் தின்றாள். உப்பு இல்லை என்று தெரிந்தது. ஒரு ருசி தெரிந்ததே பெரிய விஷயமாக இருந்தது.

மல்கா போன பிறகு ரஹ்மத் லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள். பரீட்சை என்று வந்த நாளிலிருந்து ஸ்லைடில் இல்லாத ஒரு வார்த்தையை அவள் எழுதியதில்லை. இப்போது எழுதினாள்: 'வந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் பேசும்வரை உட்கார்ந்திருந்தாள். முட்டை கொண்டுவந்தாள்.' அதை அனுப்பினாள்.

இரண்டுக்குப் பூஜ்ஜியம் வந்தது. 'விடை முழுமையற்றது. ஸ்லைடு 31-ஐப் பார்க்கவும்.'

திங்கட்கிழமை காலையில் அவள் நேராக ஸ்ரீநிவாசனின் அறைக்குப் போனாள். பட்டம் வரவில்லை, ஜூனுக்குள் வராது, அறையை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டாள். பிள்ளைகளின் தூக்கப் பழக்கத்தை எல்லாம் புது ஆளிடம் சொல்லிவிட்டுப் போவதாகச் சொன்னாள். ஸ்ரீநிவாசன் முழித்தார்.

"எதுக்கும்மா? அந்த ரூல தள்ளி வெச்சுட்டாங்களே. எந்த பிராஞ்ச்லயும் ஆள் கிடைக்கல, அதனால படிச்சிட்டு இருக்கேன்னு காட்டினாலே போதும்னுட்டாங்க. பாஸ் பண்ணணும்னுகூட இல்ல, என்ரோல் ஆகியிருந்தா போதும்."

"எப்ப சொன்னாங்க?"

"அது ஆச்சே, மார்ச்லயே. ஓனர்ஸ் மீட்டிங்ல சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லலியா நான்?" அவர் பிஸ்கட் டப்பாவைத் தேடினார். "நீங்கதான் நல்லாப் படிக்கிறீங்களே, டிஸ்டர்ப் பண்ண வேண்டாம்னு விட்டிருப்பேன்."

மார்ச்சில் உம்மா இருந்தார். மார்ச், ஏப்ரல் முழுக்க இருந்தார். ரஹ்மத் நின்ற இடத்திலேயே நின்றாள். அந்த டப்பாவைப் பிடுங்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது, பாழாய்ப்போன அந்தப் பட்டத்தையும் ஆந்தையையும் சேர்த்து. கம்பளிப்பூச்சி அறைக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் ஷ்ரேயஸ் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். மூலையிலிருந்த பட்டதாரிப் பையன் எழுந்து நின்று, குட்மார்னிங் மேடம் என்றான்.

ஒரு வாரத்தில் கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. அவள் பட்டத்துக்கு இரண்டே கிரெடிட் தூரத்தில் இருக்கிறாளாம், மனம் தளரக் கூடாதாம். 'இழப்பின் வழி கற்றல்' பாடத்தை மறுபடி எழுத அவளுக்கு ஒரு சகமாணவ வழிகாட்டி நியமிக்கப்பட்டிருந்தார். ஸ்லைடு 31-இல் முழு மதிப்பெண் பெற்ற மாணவி, லேக்வுட்டைச் சேர்ந்த மல்கா.

பிளெய்ன்ஸ்பரோ நூலகத்தில் அதே மேஜை, இரண்டு பிளாஸ்க். மல்கா லேப்டாப்பைத் திறந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"ஒண்ணு" என்று படித்தாள். "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். சொல்லு."

ரஹ்மத் வாயைத் திறந்தாள். ஐந்து வருடப் பாடத்தை மனசில் வைத்திருந்தவள், நாற்பது ஸ்லைடுகளை எழுத்துப் பிழையோடு ஒப்பித்தவள்.

"வரல மல்கா" என்றாள்.

"சரி. அடுத்த வாரம் பாப்போம்."

"அடுத்த வாரம் நான் ஊருக்குப் போறேன். உம்மா அடங்கியிருக்குற கபுரடிக்கு."

"வந்த பிறகு பாப்போம்."

"வந்த பிறகும் வரலேன்னா?"

மல்கா லேப்டாப்பை மூடினாள். "எனக்கு ஒன்பது பிள்ளைங்க" என்றாள். "எனக்கு எதுக்கும் அவசரம் இல்ல."

ரஹ்மத் இப்போதும் கம்பளிப்பூச்சி அறையில்தான் இருக்கிறாள். ஒவ்வொரு செமஸ்டரும் அந்தப் பாடத்தில் சேர்கிறாள், ஒவ்வொரு செமஸ்டரும் அதே மூன்று வரியை எழுதி அனுப்புகிறாள். பூஜ்ஜியம் வந்ததும் அதை மல்காவுக்கு அனுப்பிவைக்கிறாள். மல்கா பதில் ஒன்றும் போடுவதில்லை.